ஜீப்புக்கு எஸ்.எஸ். டீசல் டேங்க்: 6 வருடமாகப் பொய் சொல்லும் முள்

பழைய டீசல் ஜீப்பின் தகர டேங்க் அடியில் பொத்தலாகிவிட்டது, எஸ்.எஸ்.ஸில் (துருப்பிடிக்காத எஃகில்) புதிதாக அடிக்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். அப்படி அடித்த டேங்க் ஒன்று 6 வருடமாக ஓடுகிறது. இந்த வாரம்தான் அதன் ஃப்ளோட்டை, அதாவது டீசல் மட்டத்தோடு ஏறி இறங்கி டேஷ்போர்டு முள்ளுக்கு அளவு சொல்லும் மிதவையை, மூன்றாவது முறையாகக் கழற்றி மாட்டியாயிற்று. அந்தக் கடுப்பு இதில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நியாயமாக டேங்கைப் பற்றி. 90 × 40 × 20 செ.மீ., 1.5 மி.மீ. 304 ரக எஸ்.எஸ். ஷீட், உள்ளே டீசல் அலம்பாமல் இருக்க இரண்டு தடுப்புகள். காலியாக ஏறத்தாழ 17 கிலோ. கொள்ளளவு கணக்குப்படி 72 லிட்டர், புழக்கத்தில் 65. உள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லை. டீசல் ஃபில்டரில் செம்பொடி வருவது அடியோடு நின்றுவிட்டது. விலை குறைவு என்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) ஷீட்டில் மட்டும் அடித்துவிடாதீர்கள். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி படிந்து, ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும்.

ஷீட் வாங்கும்போது காந்தத்தை நம்பாதீர்கள், மலிவு ரக எஸ்.எஸ். ஆன 202-லும் அது ஒட்டாது. மில் சான்றிதழைக் கேளுங்கள். நான்கு பக்கத்தையும் தனித்தனியாக வெட்டி ஒட்டாமல், பெண்டிங்கில் மடித்தால் வெல்டிங் நீளம் பாதியாகும். ஆர்கான் வெல்டிங், 308எல் கம்பி, 50-60 ஆம்பியர் போதும். டேங்குக்கு உள்ளேயும் ஆர்கான் வாயு விட வேண்டும். விடாவிட்டால் தையலின் பின்பக்கம் கருகிச் சர்க்கரைக் கட்டி போலப் பொரிந்து நிற்கும். பின்னாளில் விரிசல் விடுவது அங்கேதான். தடுப்புகளின் கீழ் மூலைகளை வெட்டிவிடுங்கள், டீசல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர வழி வேண்டும். கசிவு பார்க்க 0.2 பார் காற்றும் சோப்புத் தண்ணீரும் போதும். அதற்கு மேல் ஏற்றினால் தட்டைப் பக்கங்கள் உப்பிக்கொள்ளும்.

இதெல்லாம் சரியாகத்தான் நடந்தது. சறுக்கியது ஃப்ளோட் வைத்த இடம்.

பழைய டேங்கில் இருந்த இடத்துக்கே நேராக வரட்டும் என்று ஃப்ளோட் ஓட்டையைப் பின்கோடியில் போட்டார்கள். டேங்க் நீளவாக்கில் கிடக்கிறது. நடுவிலிருந்து கோடிக்கு 45 செ.மீ. 10-க்கு 1 ஏற்றத்தில் அங்கே டீசல் மட்டம் 4.5 செ.மீ. உயரும். 20 செ.மீ. ஆழத்தில் அது கிட்டத்தட்ட 16 லிட்டர் பொய். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பாதிக்கு மேல் காட்டும் முள், இறங்கும்போது ரிசர்வைத் தொடும். உறிஞ்சு குழாயும் அதே கோடியில் இருப்பதால், டீசல் குறைந்திருக்கையில் இறக்கத்தில் காற்றை இழுத்துக்கொள்ளும். அப்புறம் வழியோரம் நின்று கைபம்பை அடித்துக் காற்று எடுக்க வேண்டியதுதான்.

இதோடு இன்னும் இரண்டு கோளாறு. பழைய ஃப்ளோட்டின் கை ஆழமான டேங்குக்கானது. கால் டேங்கிலேயே அடியில் தட்டி நின்றுவிட்டது. வளைத்துக் குறுக்கியதும் சரியானது. அடுத்தது எர்த். ரப்பர் பட்டை வைத்துக் கட்டிய டேங்குக்கு சேஸியோடு தொடர்பே இல்லை. முள் செத்துக் கிடந்தால் ஃப்ளோட்டைக் குறை சொல்லும் முன், அதன் தட்டிலிருந்து சேஸிக்குத் தனி வயர் இழுத்துப் பாருங்கள்.

இப்போது இடத்தை மாற்றலாமே என்பார்கள். டீசல் ஊறிய டேங்கில் வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது. இறக்கி, ஆவியால் கழுவி, உள்ளே ஆர்கான் நிரப்பிய பிறகே கை வைக்க முடியும். அதுவரைக்கும் அளவுக்குச்சிதான் கதி. 14 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டால் ஒவ்வொரு கோடும் 5 லிட்டர். வண்டி சமதளத்தில் நிற்கும்போது மட்டும் பார்க்கவும்.

ஆக, நண்பருக்கு என் பதில்: ஒரிஜினல் டேங்க் எங்காவது கிடைத்தால், துருப்பிடிக்கும் என்று தெரிந்தே அதை வாங்கிப் போடுங்கள். அது கிடைக்காமல் எஸ்.எஸ்.தான் என்று ஆனால், ஷீட்டை வெட்டுவதற்கு முன்னால் பட்டறைக்கு நீங்களே போய், இரண்டு தடுப்புகளுக்கும் நடு அறையில் ஃப்ளோட்டுக்கும் குழாய்க்கும் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.