ஒரே கேம், மூன்று கடை: ஸ்டீம், எபிக், ஜிஓஜி

ஒரே கணினி கேம் ஸ்டீம், எபிக், ஜிஓஜி என்ற மூன்று இணையக் கடையிலும் கிடைக்கும்போது பெரும்பாலானவர்கள் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். மாட் (ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் அம்சங்கள்) போட முடியவில்லை, ரீஃபண்ட் வரவில்லை என்ற புலம்பலெல்லாம் அதற்குப் பிறகுதான். காசு கொடுத்தபின் கைக்கு வந்து சேர்வது மூன்றிலும் ஒரே பொருள் இல்லை. அதை முதலில் பார்த்துவிடலாம்.

ஸ்டீமில் நாம் வாங்குவது உரிமம்தான், கேம் அல்ல. 2024 அக்டோபர் முதல் பணம் கட்டும் பக்கத்திலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இயற்றப்பட்ட சட்டம்தான் காரணம். எபிக்கிலும் இதே கதை. கணக்கு முடங்கினால் லைப்ரரியும் போச்சு. ஜிஓஜியில் டிஆர்எம் எனும் நகல் தடுப்புப் பூட்டு இல்லாத ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தருகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொண்டால் நெட்டே இல்லாத கணினியிலும் நிறுவலாம், ஜிஓஜியின் கேலக்ஸி செயலியும் கட்டாயம் இல்லை.

ஆனால் எடுத்து வைக்க வேண்டும். லைப்ரரியில் அப்படியே விட்டுவைத்தால் ஸ்டீமுக்கும் ஜிஓஜிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பெரிய கேம் என்றால் ஒரு செட்டப் கோப்பும், கூடவே 4 ஜிபிக்கு மிகாத பல .bin கோப்புகளும் இருக்கும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், பெயரை மாற்றக் கூடாது. ஒன்று விடுபட்டாலோ அரைகுறையாக இறங்கியிருந்தாலோ, முக்கால்வாசி நிறுவியபிறகு கோப்பு பழுது என்று நின்றுவிடும். டவுன்லோட் முடிந்ததும் ஒவ்வொன்றின் அளவையும் தளத்தில் உள்ள அளவோடு ஒத்துப்பார்ப்பது நல்லது. இன்னொரு குறை: புது பேட்ச் (பிழைதிருத்தம்) கேலக்ஸியில் முதலில் வந்து, ஆஃப்லைன் இன்ஸ்டாலருக்குத் தாமதமாக வருவதுண்டு. மல்டிபிளேயருக்குப் பல கேம்களில் கேலக்ஸி இல்லாமல் முடியாது.

பணம் கட்டுவதில் ஸ்டீம்தான் நமக்கு வசதி. 2015 நவம்பரிலிருந்து இந்தியக் கணக்குகளுக்கு ரூபாய் விலை. யுபிஐ வேலை செய்கிறது. ஜிஓஜியில் டாலர் பில். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருந்தால் பேமெண்ட் தோற்றுப்போகும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிய கார்டுகளில் அது அணைத்தே வருகிறது. வங்கிச் செயலிக்குள் போய் நாமே திறந்துவிட வேண்டும். டாலர் மாற்றுக் கட்டணமாகப் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கும், அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. இலங்கையில் இருப்பவர்களுக்கு ஸ்டீம் ரூபாயில் விலை காட்டாது, தெற்காசிய டாலர் விலையைத்தான் காட்டும். விபிஎன் போட்டு மலிவான நாட்டு விலையில் வாங்கலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். விதிமீறல், கணக்குக்கே ஆபத்து.

ரீஃபண்டில் ஜிஓஜிதான் தாராளம். வாங்கி 30 நாள் வரை, டவுன்லோட் செய்து விளையாடியிருந்தாலும் கேட்கலாம். ஸ்டீமிலும் எபிக்கிலும் 14 நாள், ஓடிய நேரம் 2 மணி நேரத்துக்குள். அந்த 2 மணி நேரத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கில் ஏறுவது நாம் விளையாடிய நேரம் இல்லை, கேம் திறந்திருந்த நேரம். இன்றைய பெரிய கேம்கள் பல, முதல்முறை திறந்ததும் ஷேடர் கம்பைல் செய்கின்றன, அதாவது கிராஃபிக்ஸ் நிரல்களை நம் கணினிக்கேற்பத் தயார்செய்கின்றன. பழைய பிராசஸரில் அதுவே அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். மெனுவில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் மீட்டர் ஓடும். ஆகவே முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிராஃபிக்ஸைச் சரிசெய்து, நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வருகிறது என்று பார்த்து முடிவெடுத்துவிடுங்கள். ஸ்டீம் வாலட்டுக்குத் திருப்பிய பணம் மறுபடி வங்கிக்கு வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

எபிக் 2018 டிசம்பரில் தொடங்கியது. கேம் உருவாக்குபவர்களிடம் 12 சதவீதம் மட்டும் எடுப்போம் என்று வந்தார்கள் (ஸ்டீம் எடுப்பது 30-இல் ஆரம்பித்து, விற்பனை கூடக்கூட 20 வரை இறங்கும்). அதனால் வாங்குபவருக்கு விலை குறைந்ததா என்றால், பொதுவாக இல்லை. நமக்கு லாபம் வியாழக்கிழமைதோறும் தரும் இலவச கேம்தான்: இந்திய நேரம் இரவு 8:30-க்கு, அமெரிக்காவில் குளிர்காலக் கணக்கு ஓடும்போது 9:30-க்கு மாறும். அந்த வாரத்துக்குள் கணக்கில் சேர்த்துவிட்டால் போதும், உடனே டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை.

இலவசத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2020 டிசம்பரில் எபிக்கில் சும்மா கிடைத்தது. ஆனால் அந்த கேமின் உயிரே, ஆட்டக்காரர்கள் செய்ததைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் இருக்கும் மாட்கள், கட்டடங்கள், சாலைகள்தான். எபிக் பிரதியில் வொர்க்‌ஷாப் கிடையாது. மாட் முக்கியமான கேம் என்றால் காசு கொடுத்தாவது ஸ்டீமில் வாங்குவதே சரி. லினக்ஸ்காரர்களுக்கும் அப்படியே: விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் ஸ்டீமில் கூடவே வருகிறது, மற்ற இரண்டுக்கும் ஹீரோயிக் போன்ற வெளிச் செயலியைத் தேட வேண்டும். ஆலன் வேக் 2 மாதிரி கணினிக்கு எபிக்கில் மட்டுமே வந்தவற்றுக்கு வேறு வழியில்லை.

டவுன்லோடில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் அதிகபட்சம் நொடிக்கு 12.5 மெகாபைட், 100 ஜிபி கேமுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகும். ஸ்டீமில் வேகம் மேலும் கீழுமாக ஆடினால் உடனே இணைப்பைத் திட்டாதீர்கள். ஸ்டீம் சுருக்கிய வடிவில் இறக்கி நம் டிஸ்க்கிலேயே விரிக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் அந்த எழுத்துவேகத்துக்கு ஈடுகொடுக்காது. டவுன்லோட் பக்கத்தில் டிஸ்க் கோடு உச்சியில் நிற்க, நெட்வொர்க் கோடு பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் பிரச்சினை டிஸ்க்கில்தான். டிஸ்க் சும்மா இருக்கிறது, வேகம் மட்டும் இல்லை என்றால் செட்டிங்ஸில் டவுன்லோட் ரீஜனை மாற்றிப் பாருங்கள். வீட்டில் இரண்டு கணினி இருந்தால் ஒன்றில் இறக்கியதை லோக்கல் நெட்வொர்க் வழியாக மற்றதற்கு மாற்றும் வசதி 2023-இலிருந்து ஸ்டீமில் உண்டு. டேட்டா அளவு பார்த்துச் செலவழிக்கும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம்.

ஸ்டீமில் வாங்குமுன் கேம் பக்கத்தின் வலப்பக்கப் பட்டியைக் கட்டாயம் படியுங்கள். டெனுவோ எனும் நகல் தடுப்புப் பூட்டு இருக்கிறதா, யூபிசாஃப்ட், இஏ, ராக்ஸ்டார் கணக்கு தனியாக வேண்டுமா என்பதெல்லாம் அங்கே இருக்கும்.

பாதி விலைக்குக் கீ (கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) விற்கும் மறுவிற்பனைத் தளங்களில் வாங்கிய கீயை ஸ்டீமில் போட்டால் அதற்கு ஸ்டீம் ரீஃபண்ட் தராது. திருட்டுக் கார்டில் வாங்கிய கீ என்று தெரிந்தால் வெளியீட்டாளர் அதை ரத்து செய்யவும் செய்வார். அதற்குப் பதில் ஸ்டீம்டிபி தளத்தில் இதுவரை இருந்த மிகக் குறைந்த ரூபாய் விலையைப் பார்த்து வைத்துக்கொண்டு, கேமை விஷ்லிஸ்ட்டில் போட்டுவிடுங்கள். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வரும் பெரிய தள்ளுபடியில் பெரும்பாலும் அந்த விலை திரும்பி வரும்.