மேப்பிள் இலைக்கு ஒரு மர அழுத்தி: ஒரு மதிப்பீடு

ஒன்ராறியோவில் மரங்கள் நிறம் மாறத் தொடங்கும் செப்டெம்பர் கடைசியிலேயே, கைவினைப் பொருட்கள் விற்கும் கடைகளில், புகைப்படங்களையும் நினைவுப் பொருட்களையும் ஒட்டித் தொகுக்கும் ஸ்கிராப்புக் செய்வோருக்கான இலை அழுத்தும் தொகுதிகள் முன்வரிசைக்கு வந்துவிடும். அவற்றுள் ரொறன்ரோக் கடையொன்றில் வாங்கி நான் பயன்படுத்திவரும் மர அழுத்தித் தொகுதியைப் பற்றியது இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரச் சட்டம் கொடுத்த விலைக்குத் தகும். அதனுடன் சேர்த்துத் தரப்படும் பசையையும் ஒட்டுப் பக்கங்களையும் எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். இலையை உலர்த்துவது ஒரு வேலை, உலர்ந்த இலையை நிறம் கெடாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது வேறு வேலை. இந்தத் தொகுதி முதல் வேலையைச் செம்மையாகச் செய்கிறது, இரண்டாவதில் கைவிட்டுவிடுகிறது.

பெட்டிக்குள் இரண்டு தடித்த ப்ளைவுட் பலகைகள், நான்கு மூலைகளிலும் செருகும் நீண்ட திருகாணிகள், விரலாலேயே முறுக்கக்கூடிய செட்டை வைத்த மரைகள், இடையில் வைக்க நெளிவு அட்டைகள், மையொற்றுக் கடதாசிகள் ஆகியவை இருக்கின்றன. பலகை வளையவில்லை என்பதே முதலில் கவனிக்க வேண்டிய நல்ல செய்தி. மலிவான அழுத்திகளில் மூலைகளை முறுக்க முறுக்க நடுப்பகுதி மேலெழும்பி, நடுவில் வைத்த இலை அழுத்தம் கிடைக்காமல் சுருங்கிப்போவதுண்டு. இதில் பலகை தடிப்பாக இருப்பதால் நடுவிலும் விளிம்பிலும் இலை ஒரே மட்டமாகப் படிகிறது. மரைகளும் கைக்கு வசதியானவை. இலைகள் நீரை இழந்து மெலியும்போது முதல் நாளிலேயே பிடி தளர்ந்துவிடும் என்பதால், மறுநாள் காலையில் நான்கு மூலைகளையும் இன்னொரு சுற்று முறுக்குவது அவசியம். அதை ஒரு பிள்ளையே செய்துவிடலாம்.

நெளிவு அட்டை வெறும் இடைநிரப்பி என்று நினைத்து எறிந்துவிடுபவர்கள் உண்டு. உண்மையில் இந்தத் தொகுதியில் மிகவும் பயனுள்ள பகுதி அதுதான். இலையிலிருந்து வரும் ஈரத்தை மையொற்றுக் கடதாசி உறிஞ்ச, அந்த ஈரம் அட்டையின் நெளிவுகளுக்கு இடையே ஓடும் காற்றில் வெளியேறுகிறது. காற்று வழி இல்லையென்றால் ஈரம் அடுக்குக்குள்ளேயே தங்கிவிடும். இலை ஈரத்தோடு மெல்லச் சாகும்போது அதன் செல்கள் சிதைந்து, பீனால் வகைச் சேர்மங்கள் நொதிகளின் துணையால் ஒட்சிசனோடு வினைபுரிந்து பழுப்பு நிறமாகின்றன. வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதும் இதே வினையால்தான். விரைவாக உலரும் இலையில் இந்த வினைக்கு அவகாசம் கிடைப்பதில்லை. நிறத்தைக் காப்பது வேகமே என்பதால், முதல் சில நாட்களுக்கு மையொற்றுக் கடதாசியை நாள்தோறும் மாற்ற வேண்டும். எடுத்த கடதாசியை வெயிலிலோ ஹீற்றர் அருகிலோ காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். இலை உலர்ந்துவிட்டதா என்று பார்க்க, தாவரங்களை உலர்த்திப் பாதுகாப்பவர்கள் செய்வதுபோல அதைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். குளிர்ச்சியாகத் தெரிந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது.

எல்லா இலைகளும் ஒரே பலனைத் தருவதில்லை. சுகர் மேப்பிளின் செம்மஞ்சள் இலைகள் இந்த அழுத்தியில் மிக அழகாக வருகின்றன. நரம்பு நரம்பாகத் தெரியும் அளவுக்குத் தட்டையாகி, காம்பு வரை நிறம் நிற்கிறது. சுமாக்கின் சிவப்புச் சிற்றிலைகளையும் ஜிங்கோவின் மஞ்சள் விசிறிகளையும் அதே நம்பிக்கையோடு வைக்கலாம். ஓக் இலை தடித்தது, டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்தது. எவ்வளவு கவனம் எடுத்தாலும் பழுப்பின் பக்கம் சாயும், ஆனால் அந்தப் பழுப்புக்கும் ஒரு கம்பீரம் உண்டு. ரொறன்ரோத் தெருவோரங்களில் மிகுதியாகக் கிடைப்பது நோர்வே மேப்பிள். காம்பைக் கிள்ளினால் பால் வடிவதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். மற்ற மேப்பிள்கள் உதிர்த்து முடித்த பிறகே மஞ்சளாகும் இந்த இலைகளில், பூஞ்சையால் வரும் தார்ப் பொட்டுப் போன்ற கரும்புள்ளிகள் அடிக்கடி காணப்படும். சிலர் அவற்றைக் கழித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் புள்ளிகளோடு கூடிய இலைதான் இந்த நகரத்தின் உண்மையான இலையாகத் தோன்றுகிறது. அழுத்திய பிறகும் புள்ளிகள் அப்படியே நிற்கின்றன.

மற்ற முறைகளோடு ஒப்பிட்டால்தான் இந்தச் சட்டத்தின் இடம் தெளிவாகும். தடித்த புத்தகத்துக்குள் வைப்பது செலவில்லாத வழி, ஆனால் காற்று போக வழியில்லாததால் உலர்வது தாமதமாகிறது, புத்தகமும் கறைபடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கும் அழுத்திகள் நிமிடக் கணக்கில் வேலையை முடித்துவிடும். சிவப்பு நிறம் அவற்றில் இன்னும் பளிச்சென்று நிற்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சில விநாடிகள் சூடேற்றுவது, திறந்து நீராவியை வெளியேவிடுவது, மீண்டும் சூடேற்றுவது என்று அருகிலேயே நிற்க வேண்டும். சற்று அதிகமானால் மெல்லிய இலை கருகிவிடும். மெழுகுத் தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரி போடுவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. சன்னலில் தொங்கவிட நன்றாயிருக்கும், ஸ்கிராப்புக்கில் ஒட்டுவதற்கோ அந்த மெழுகுப் பரப்பில் பசை பிடிக்காது. கிளிசரினை இரண்டு மடங்கு நீரில் கலந்து ஊறவைத்தால் இலை வளைந்துகொடுக்கும் மென்மையைப் பெறும், ஆனால் நிறம் கருத்துப் பழுப்பாகும். கிளிசரின் ஈரத்தை ஈர்ப்பதால் அத்தகைய இலையைப் புகைப்படத்துக்கு அருகில் வைப்பதும் நல்லதல்ல.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். தொகுதியோடு வந்த பக்கங்களின் மேல் அவை அமிலமற்றவை என்ற குறிப்பு எங்கும் இல்லை. செய்தித்தாள் போன்ற மலிவான கடதாசிகளில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிஞ்சியிருப்பதால், காலப்போக்கில் அவை மஞ்சளாகி அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பக்கத்தில் உள்ள புகைப்படத்தையும் கெடுக்கும். ஸ்கிராப்புக்குக்கு வாங்கும் பக்கங்களில் அமிலமற்றது, லிக்னின் அற்றது என்ற இரண்டு சொற்களும் இருக்க வேண்டும். புகைப்படங்களும் சேர்ந்து இருக்குமானால், பக்கம் புகைப்படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 18916 என்ற புகைப்படச் செயற்பாட்டுச் சோதனையில் தேறியது என்ற குறிப்பையும் தேடுவது நல்லது. இலைகளை உறையிட்டு வைப்பவர்கள் பிவிசி உறைகளைத் தவிர்த்து, பொலிப்ரொப்பிலீன் அல்லது பொலியெஸ்டர் உறைகளை வாங்க வேண்டும். உலர்ந்த இலையைச் சூடான லாமினேற் தாளுக்குள் அடைப்பதை நான் விரும்புவதில்லை. பிறகு அதை ஒருபோதும் வெளியே எடுக்க முடியாது என்பதோடு, இலையின் மேற்பரப்பைத் தொட்டுணரும் இன்பமும் போய்விடுகிறது.

பசை அதைவிடப் பெரிய குறை. தரப்படும் குழாய்ப் பசை நீர்த்தன்மை மிகுந்தது. செய்முறைத் தாளோ அதை இலையின் பின்புறம் முழுவதும் பூசச் சொல்கிறது. சிரமப்பட்டு உலர்த்திய இலைக்கு மீண்டும் ஈரத்தைக் கொடுப்பது எவ்விதத்திலும் பொருந்தாது. இலையுதிர் காலச் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நீரில் கரையக்கூடிய நிறமி. அமிலச் சூழலில் சிவப்பாகவும் காரச் சூழலில் நீலம் சாய்ந்தும் தோன்றும் இயல்புடையது. அத்தகைய நிறமியின் மேல் என்ன சேர்ந்திருக்கிறதென்று தெரியாத ஈரப் பசையைப் பூசுவது வீண் துணிச்சல். இதற்குத் தாவரவியலாளர்களிடம் மிகப் பழைய தீர்வு ஒன்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் லூக்கா கீனி என்ற தாவரவியலாளர் உலர்ந்த தாவரங்களைத் தாளில் ஒட்டித் தொகுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்ததாகக் கூறுவர். அன்று முதல் வளர்ந்துவந்த அந்த மரபில், தாவரத்தின் மேல் பசையே படாமல் சிறு கடதாசிப் பட்டைகளால் கட்டிவைப்பதும் ஒரு முறை. அரிசி மணியளவு அகலத்தில் அமிலமற்ற கடதாசியை நறுக்கி, ஒன்றைக் காம்பின் குறுக்காகவும் இன்னொன்றை நடுநரம்பின் நுனிப்பக்கமாகவும் இட்டு, பட்டையின் இரு முனைகளை மட்டும் பக்கத்தில் ஒட்டினால் போதும். மெதில் செலுலோஸ் பசை அல்லது கோதுமை மாப்பசை இதற்கு ஏற்றது. செலோ டேப் வேண்டவே வேண்டாம். அது மஞ்சளாகிப் பிசுபிசுக்கும்.

எந்தத் தொகுதியும் தர முடியாத ஒன்றைப் பெட்டியின் மேலட்டை வாக்களிக்கிறது: நிறம் என்றென்றும் மாறாதாம். பச்சையம் சிதைந்தபின் வெளித்தெரியும், மஞ்சளைத் தரும் கரோட்டினாய்டுகளும், இலையுதிர் காலத்தில் புதிதாக உருவாகும் ஆந்தோசயனின்களும் ஒளியில் மங்கிப்போகும் நிறமிகளே. மூடிய புத்தகத்துக்குள் இருட்டில் இருக்கும் இலை, சுவரில் சட்டமிட்டு மாட்டிய இலையைவிடப் பல மடங்கு காலம் நிறத்தோடு இருக்கும். அந்த வகையில் ஸ்கிராப்புக்தான் இலைக்குச் சிறந்த வீடு. இன்னொன்று, உலர்ந்த இலைகளில் பூச்சி முட்டைகள் இருக்கக்கூடும் என்பதால், ஒட்டுவதற்கு முன் காற்றுப் புகாத பையில் இட்டு உறைபெட்டியில் ஒரு கிழமை வைத்தெடுப்பது பாதுகாப்பானது. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்தால் இலையில் நீர் படியாது.

இலைகளைச் சேகரிக்கச் சொல்லும் செய்முறைத் தாள் எங்கே சேகரிக்கக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. அல்கோன்குவின் போன்ற ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களிலும், ஸ்காபரோவை ஒட்டிய ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் தாவரங்களை எடுத்துவர அனுமதியில்லை. வீட்டு முற்றமும் தெருவோரமுமே நமக்குப் போதும். மூன்று சிற்றிலைகளாகச் சேர்ந்து இலையுதிர் காலத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பாக மாறும் பொய்சன் ஐவியைத் தொடக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே காட்டிவைக்க வேண்டும். உலர்ந்த பிறகும் அதன் எண்ணெய் தோலில் கொப்புளம் எழுப்பும். பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் பொருளில் இந்த எச்சரிக்கை ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

ஆண்டுக்கு நாலைந்து இலைகள் மட்டும் வைப்பவருக்குத் தடித்த புத்தகமும் நல்ல மையொற்றுக் கடதாசியும் போதும். இந்தத் தொகுதி தேவையில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்தையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துவைக்க விரும்புபவர் வாங்கலாம். கடையில் சட்டம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்; கிடைத்தால் அதை மட்டும் வாங்கி, மிச்சமாகும் பணத்தை அமிலமற்ற பக்கங்களுக்கும் ஒரு சிறு போத்தல் மெதில் செலுலோசுக்கும் செலவிடுங்கள்.