கம்ஃப்ரி என்று அச்சிட்டிருந்த இலை

பிப்ரவரியில் 74 பவுண்டு கொடுத்து இணையத்தில் ஒரு தொகுப்பு வாங்கினேன். விக்கா கற்கத் தொடங்குபவர்களுக்கானது என்று போட்டிருந்தார்கள். நான்கு மின்னூல்கள், அச்சிட்ட மூலிகைப் புத்தகம் ஒன்று, ஐந்து மெழுகுவர்த்திகள், ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி. அந்த மூலிகைப் புத்தகத்தை நம்பி நான் பறித்து வந்த இலையை வெந்நீரில் போட்டுக் குடித்திருந்தால் என் இதயத் துடிப்பே தாறுமாறாகியிருக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. என்னைப் போல யாராவது தேடிக்கொண்டிருந்தால், வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

விக்காவைச் சூனியக் கலை என்று சொல்வதுண்டு. ஆனால் நம் பேச்சில் சூனியம் என்றால் அடுத்தவர் குடியைக் கெடுக்க வைப்பது. நான் கற்க விரும்பியது அது இல்லை. விக்கா என்பது 20-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான ஒரு சமயம். பௌர்ணமியையும் பருவ மாற்றங்களையும் ஒட்டிய சடங்குகள், பெண் தெய்வ வழிபாடு எல்லாம் அதில் உண்டு. பர்மிங்ஹாமுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆடி, மார்கழி என்று மாதத்துக்கு ஒரு முகம் பார்த்து வளர்ந்தவளுக்கு, இந்த மண்ணின் பருவங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் ஆசை வந்துவிட்டது.

முதல் மின்னூலின் முதல் அத்தியாயத்திலேயே இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஐரோப்பாவில் 90 லட்சம் பெண்கள் சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்டார்களாம். அவர்களிடம் இருந்த ரகசியம் கற்காலத்திலிருந்து அறுபடாமல் இந்தப் புத்தகம் எழுதியவர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறதாம். சரி, சரித்திரம் எப்படி இருந்தால் என்ன, நமக்கு வேண்டியது சடங்கும் மூலிகையும்தானே என்று புரட்டிவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

ஏனென்றால் அந்த இரண்டும் பொய் என்று கண்டுபிடிப்பது சுலபம். 90 லட்சம் என்பது 18-ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானியர் ஓர் ஊரின் பதிவுகளை வைத்து ஐரோப்பா முழுவதுக்கும் பெருக்கிப் போட்ட கணக்கு. இன்றைய வரலாற்றாசிரியர்கள் சொல்வது 40,000 முதல் 60,000 வரை. ஆண்களும் அதில் உண்டு. இங்கிலாந்தில் இந்தக் குற்றத்துக்கு எரிக்கவில்லை, தூக்கில் போட்டார்கள். பழைய சமயம் ரகசியமாகத் தொடர்ந்தது என்பது 1921-ல் மார்கரெட் மர்ரே முன்வைத்த கருத்து. ஆய்வாளர்கள் அதை எப்போதோ தள்ளிவிட்டார்கள். சூனியம் பற்றி இங்கிலாந்தில் இருந்த 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்ட பிறகு, 1954-ல் ஜெரால்ட் கார்ட்னர் எழுதிய புத்தகத்தால்தான் விக்கா வெளியே தெரிய வந்தது. அவரோடு இருந்த டோரீன் வாலியன்டே சடங்கு வரிகள் பலவற்றைத் திருத்தி எழுதினார். புதிய சமயம் என்பதால் அதன் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. ஆனால் தன் வயதையே பொய் சொல்லும் புத்தகம் இலையைப் பற்றி மட்டும் உண்மை சொல்லும் என்று நான் எப்படி நம்பினேன்?

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்ஃப்ரி என்ற செடியின் இலையில் தேநீர் போட்டுக் குடித்தால் பயணத்தில் பாதுகாப்பு என்று எழுதி, பக்கம் முழுக்க வண்ணப் படம் போட்டிருந்தார்கள். கால்வாய் ஓரத்தில் நடந்தபோது அந்தப் படத்தில் இருந்த இலையை அப்படியே பார்த்தேன். ஒரு பிடி பறித்துக்கொண்டேன். வரும் வழியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் தோட்டம், நகராட்சி வாடகைக்கு விடும் சின்னத் துண்டு. அவர் கம்ஃப்ரியை ஊறப்போட்டு அழுகவைத்து, அந்தத் தண்ணீரைத் தக்காளிக்கு ஊற்றுபவர். பெருமையாக இலையைக் காட்டினேன்.

“பிள்ளை, உது கம்ஃப்ரி இல்லை. ஓரத்தைப் பாரும், பல்லுப் பல்லா இருக்கு. கம்ஃப்ரிக்கு ஓரம் வழுவழுவெண்டு இருக்கும், இலை சொரசொரப்பா கையைக் கீறும். இது ஃபாக்ஸ்குளோவ். குடிச்சீரெண்டால் ஆஸ்பத்திரிதான்.”

புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். படத்தில் இருந்ததும் ஃபாக்ஸ்குளோவ்தான்.

ஃபாக்ஸ்குளோவ் முதல் வருடம் பூக்காது, தரையோடு இலை மட்டும் விரித்துக் கிடக்கும். அந்தப் பருவத்தில்தான் பலர் அதைக் கம்ஃப்ரி என்று ஏமாந்துபோகிறார்கள். கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. இதே பர்மிங்ஹாமில் வேலை பார்த்த மருத்துவர் வில்லியம் விதரிங், 1785-லேயே இந்தச் செடி இதயத்தை என்ன செய்யும், அளவு மீறினால் என்ன ஆகும் என்று தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். போதாக்குறைக்கு அசல் கம்ஃப்ரியையும் குடிக்கக் கூடாது, கல்லீரலைக் கெடுக்கும். அந்த எண்ணெய்க் குப்பியில் இருந்தது பென்னிராயல் என்ற புதினா வகைச் செடியின் எண்ணெய். தேநீரில் மூன்று சொட்டு என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். அதைக் குடித்துக் கல்லீரல் செயலிழந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

அன்று இரவு, அந்தப் புத்தகத்தை எழுதியவர் பெயரைத் தேடினேன். அதே பெயரில் எட்டு மாதத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள்: நாய் வளர்ப்பு, கீட்டோ சமையல், காளான் பறித்தல். அவர் பேசியதாக ஒரு நேர்காணல் இல்லை, ஒரு புகைப்படம் இல்லை. நான்கு மின்னூல்களிலும் பாதிக்கு மேல் ஒரே பத்திகள். எல்லாம் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதியது. 2023-லேயே நியூயார்க் காளான் ஆய்வுச் சங்கம் இப்படிப்பட்ட காளான் புத்தகங்களைப் பற்றி எச்சரித்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். மின்னூலைத் தரவிறக்கியதும் ரத்து செய்யும் உரிமை போய்விடுமாம். இங்கே சட்டம் அப்படித்தான் இருக்கிறது, வாங்கும்போது அதற்குச் சம்மதம் என்று ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டிருக்கிறேன். அச்சுப் புத்தகத்துக்கும் குப்பிக்கும் மட்டும் வங்கி மூலம் முறையிட்டு 31 பவுண்டு மீட்டேன். படம் தவறு, யாராவது செத்துப்போவார்கள் என்று நான்கு முறை எழுதினேன். ஒரே பதில் நான்கு முறையும் வந்தது.

இப்போது எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் சரித்திர அத்தியாயத்தைத்தான் முதலில் படிக்கிறேன். 90 லட்சம் என்று கண்ணில் பட்டால் மூடிவிடுகிறேன். பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999-ல் வெளியிட்ட விக்கா வரலாற்றை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். சடங்கு கற்றுத் தரும் புத்தகம் இல்லை அது. ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு, மற்றப் புத்தகங்களில் எதை நம்பலாம் என்பது தானாகவே பிடிபடத் தொடங்கியது. செடிகளுக்கு மாந்திரீகப் புத்தகமே வேண்டாம். தாவரவியல் தெரிந்தவர் எழுதிய கையேடு ஒன்றும், அக்காவைப் போல மண்ணில் கை வைத்த ஒருவரும் போதும்.

போன வாரம் பார்த்தேன், அதே தொகுப்பு வேறு கடைப் பெயரில், வேறு ஆசிரியர் பெயரில், 59 பவுண்டுக்கு விற்பனையில் இருக்கிறது. அட்டையில் பச்சை நிலவு, கீழே ஒரு கொத்து இலை. வாங்க நினைத்தால் அந்த இலையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல் பல்லாக இருக்கும்.