டிஷ்வாஷர் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது: கம்பெனி ஆளையா, தெரு மெக்கானிக்கையா, இல்லை நாமே பார்ப்பதா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு டிஷ்வாஷர் வந்து ஆறு வருடம் ஆகிறது. இதுவரை நான்கு முறை நின்றிருக்கிறது. ஒரு முறை கம்பெனி ஆள் வந்தார், ஒரு முறை எங்கள் தெருவில் வாஷிங் மெஷின் பார்க்கிற அண்ணன் வந்தார், இரண்டு முறை நானே சரி செய்தேன். அதனால் தெரிந்தவர்கள் யார் வீட்டில் மெஷின் நின்றாலும் எனக்குத்தான் போன் வருகிறது: "கம்பெனிக்குச் சொல்லவா, வெளி ஆளைக் கூப்பிடவா, இல்லை நானே திறந்து பார்க்கவா?"

மூன்றுமே சரியான வழிதான். எந்தக் கோளாறுக்கு எந்த வழி என்று தெரியாமல் போவதில்தான் காசும் நேரமும் வீணாகின்றன. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் பக்கத்தில் டிஷ்வாஷரைப் படுக்க வைப்பது பெரும்பாலும் மோட்டாரும் இல்லை, எலக்ட்ரானிக் போர்டும் இல்லை. தண்ணீர்தான்.

மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா

வடசென்னைக் குழாய்களுக்குப் புழல் ஏரித் தண்ணீர் வருகிறது. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் தண்ணீரும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. நாளுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். இந்த மெட்ரோ தண்ணீர் மெஷினுக்கு ஒத்துப்போகும். தொல்லை கொடுப்பது போர் தண்ணீர். கடலோரத்தில் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வரை நிலத்தடியில் உப்புநீர் ஏறியிருக்கிறது. பல வீடுகளில் மெட்ரோ, லாரி, போர் மூன்றும் ஒரே மேல்தொட்டியில் கலந்துவிடுகின்றன. இன்றைக்கு மெஷின் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது.

இதை அளந்து பார்க்கலாம். ஆர்ஓ விற்க வருகிறவர் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும். டிஷ்வாஷரில் வெள்ளையாகப் படிவது கால்சியமும் மக்னீசியமும்தான். அதை மட்டும் அளக்க நான் போனது கொளத்தூர் வண்ணமீன் கடைக்கு. மீன் வளர்க்கிறவர்கள் 'ஜிஹெச் டெஸ்ட் கிட்' என்று ஒரு சின்ன சொட்டு மருந்து பாட்டில் வாங்குவார்கள். கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நான் வாங்கியதில் முதல் சொட்டுக்கு ஆரஞ்சு நிறம் வரும். எத்தனையாவது சொட்டில் பச்சையாகிறதோ அதுதான் எண். ஒரு சொட்டு என்றால் ஒரு ஜெர்மன் டிகிரி, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம். எங்கள் மெட்ரோ தண்ணீர் 8 சொட்டில் பச்சையானது. போர் தண்ணீர் 27 சொட்டு வரை இழுத்தது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 480 மில்லிகிராமுக்கு மேல். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியே இல்லை என்றால் 600 வரை.

இந்த எண்ணைக் கொண்டுபோய் மெஷினில் தண்ணீர்க் கடினத்தன்மை என்ற இடத்தில் செட் செய்ய வேண்டும். கையேட்டிலேயே அட்டவணை இருக்கும். நான் பார்த்த பல வீடுகளில் மெஷின் வந்த அன்று வைத்த எண்ணை யாருமே தொட்டிருக்கவில்லை.

வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் என்றால் கதை வேறு. மெஷினுக்குள் இருக்கும் சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடும், அவ்வளவுதான். உப்பை அது எடுக்காது. கரிக்கிற தண்ணீர் ஸ்டீலில் புள்ளி புள்ளியாகத் துருவைக் கொண்டுவரும். அப்படிப்பட்ட வீட்டில் உப்பு, பவுடர், ஃபில்டர் என்று செலவழிப்பதைவிட, பிளம்பரைக் கூப்பிட்டு மெட்ரோ தண்ணீர் வருகிற தொட்டியிலிருந்து மெஷினுக்குத் தனி லைன் இழுப்பதுதான் நல்லது. எங்கள் மெஷினுக்கு நான் செய்ததிலேயே பலன் கொடுத்த செலவு அதுதான்.

எந்த உப்பு, எந்த ஆசிட்

சாஃப்ட்னர் தொடர்ந்து வேலை செய்ய அதற்கு உப்பு போட வேண்டும். அதற்கான டிஷ்வாஷர் உப்பு விலை ஜாஸ்தி என்று சமையல் உப்பைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் அயோடினும் இருக்கும். பொடி இறுகி சாஃப்ட்னரின் வாயை அடைத்துவிடும். கல் உப்பு அதைவிடப் பரவாயில்லை என்று தோன்றும். ஒரு கைப்பிடி கல் உப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் மெல்லிசாக மண் தங்கியிருக்கும். அந்த மண் சாஃப்ட்னருக்குள் போனால் வெளியே எடுக்க வழி இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். உப்பு போட்டதும் உடனே ஒரு வாஷ் ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்புநீர் அடித்தட்டில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் அங்கேயே துரு பிடிக்கும்.

டிடர்ஜென்ட், உப்பு, பாத்திரம் பளபளக்க விடும் ரின்ஸ் எய்ட் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரை போட்டால் உப்பு வேண்டாமே என்று கேட்பார்கள். 21 ஜெர்மன் டிகிரி கடினத்தன்மை வரைதான் அது தாங்கும் என்று கையேடுகளே சொல்கின்றன. எங்கள் போர் 27. மெட்ரோ மட்டும் போகிற வீட்டில் மாத்திரை போதும்.

படிந்ததை எடுக்க மூன்று பொருள் சொல்கிறார்கள்: வினிகர், சிட்ரிக் ஆசிட், கம்பெனி டீஸ்கேல் பவுடர். வினிகரில் ஆசிட் ரொம்பக் குறைவு, வாடையும் போகாது, அடிக்கடி விட்டால் ரப்பருக்கும் ஆகாது. கம்பெனி பவுடர் நன்றாக வேலை செய்கிறது, விலைதான் அதிகம். நான் சிட்ரிக் ஆசிட்டில் நின்றுவிட்டேன். சௌகார்பேட்டையில் மளிகை மொத்தக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். சுமார் 100 கிராம் எடுத்து, பாத்திரம் எதுவும் வைக்காமல், உள்ளே தரையில் தூவி ஒரு சூடான வாஷ். போர் தண்ணீர் என்றால் மாதம் ஒரு முறை, மெட்ரோ என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. உப்பு போடும் குழிக்குள் மட்டும் இதைப் போடவே கூடாது. வினிகரோடு சோடா மாவைக் கலந்து ஊற்றச் சொல்கிற வீடியோக்களை நம்ப வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெறும் நுரைதான் மிஞ்சும்.

ஆசிட் போட்டும் அழுக்கு போகவில்லையா? விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி சொரசொரப்பாக இருந்தால் ஆசிட்டுக்கு மசியும். பழுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் அது எண்ணெய். எண்ணெய்க்கு 65, 70 டிகிரி சூடும் டிடர்ஜென்ட்டும்தான் வேண்டும். தினமும் 50 டிகிரி எகோ வாஷ் மட்டும் ஓட்டுகிற வீடுகளில் எண்ணெயும் நெய்யும் டிரெயின் ஹோஸுக்குள் படிந்து கிடக்கும். வாரம் ஒரு முறையாவது சூடான வாஷ் ஓட்டுங்கள். கண்ணாடி டம்ளர் மங்கினால் எலுமிச்சம்பழத்தால் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் படிவு. போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது. தண்ணீர் மென்மையாக இருக்க, சாஃப்ட்னர் எண்ணை ஏற்றி வைத்து டிடர்ஜென்ட்டையும் அள்ளிப் போட்டால் இப்படி ஆகும்.

சரி, யாரைக் கூப்பிடுவது?

நாமே பார்க்க வேண்டியவை நிறைய. பாத்திரம் சுத்தமாகவில்லை என்றால் முதலில் தண்ணீர் தெளிக்கிற கைகளைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். எங்கள் வீட்டில் மேல் கையில் ஏழு ஓட்டையில் கடுகு உட்கார்ந்திருந்தது. ஊசியை வைத்துக் குத்தினால் கடுகு உள்ளே போய்விடும். பல் குச்சியால் நெம்பி வெளியே இழுக்க வேண்டும். கடைசியில் கையைத் திருப்பி ஆட்டினால் உள்ளே சலசலவென்று சத்தம் கேட்கக் கூடாது. அடியில் இருக்கும் ஃபில்டரை வாரம் இரண்டு முறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். கறிவேப்பிலை, புளிச் சக்கை, சோற்றுப் பருக்கை எல்லாம் அங்கேதான் சேரும்.

தண்ணீர் வரவில்லை என்று மெஷின் எரர் கோடு (code) காட்டினால் குழாயை மூடிவிட்டு இன்லெட் ஹோஸைக் கழற்றுங்கள். அதன் முனையில் விரல் நுனி அளவுக்கு ஒரு வலை இருக்கும். ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்த கம்பெனி ஆள் அதைப் பார்க்காமலேயே போர்டு போய்விட்டது என்றார்; ஒன்பதாயிரம் ஆகும் என்று எழுதியும் கொடுத்தார். மனசு கேட்காமல் மறுநாள் நானே ஹோஸைக் கழற்றினேன். வலை முழுக்கத் துருத் தூள். கழுவி மாட்டினேன், ஓடியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பணத்தைக் கேள்வி கேட்காமல் கட்டுகிற வீடுகள் எத்தனை இருக்கும்!

வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லையா, தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். பல மெஷின்களுக்குக் குறைந்தது அரை பார் அழுத்தம் வேண்டும். அதற்கு மெஷினைவிட ஐந்து மீட்டர் உயரத்திலாவது தொட்டி இருக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற மாடி வீட்டில் அது கிடைக்காது. இதற்கு எந்த மெக்கானிக்கும் வேண்டாம், ஒரு சின்ன பிரஷர் பம்ப் போதும்.

தெரு மெக்கானிக்கிடம் விட வேண்டியவை: டிரெயின் பம்ப், தண்ணீர் விடும் வால்வு, ஹோஸ், கதவு ரப்பர், எலி கடித்த ஒயர். வாஷிங் மெஷினில் கை பழகியவருக்கு இவை புதிதில்லை. கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் வந்து நிற்பார், கம்பெனிபோல மூன்று நாள் காக்க வைக்க மாட்டார். ஆனால் இரண்டு விஷயம் கண்டிப்பாகப் பேசிக்கொள்ளுங்கள். போடுகிற பொருள் அந்த மாடலுக்கு உரியதா, வேறு எதையாவது பொருத்துகிறாரா என்று கேளுங்கள். கழற்றிய பழைய பொருளை வாங்கி வையுங்கள்.

கம்பெனிக்குத்தான் சொல்ல வேண்டும் என்பவை: வாரண்டி இருக்கிற மெஷின் எதுவாக இருந்தாலும், அப்புறம் போர்டு, ஹீட்டர், சாஃப்ட்னர். சூடாகிற நேரத்தில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்துகிற ஸ்விட்ச்) விழுகிறது என்றால் ஹீட்டரில் கசிவு இருக்கலாம். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருங்கள். வருடாந்திர ஒப்பந்தம் போடுவதற்கு முன் எதெல்லாம் சேராது என்ற பக்கத்தைப் படியுங்கள். எனக்குக் கொடுத்ததில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், கடினநீரால் வரும் கோளாறு மூன்றும் சேராது என்று இருந்தது. போர் தண்ணீர் வீட்டில் பழுதாவதே அதெல்லாம்தானே. நான் போடவில்லை. மெட்ரோ தண்ணீர் மட்டும் போகிற, வாரண்டி முடிந்த மெஷினுக்குப் போர்டு வரைக்கும் சேரும் ஒப்பந்தம் கிடைத்தால் யோசிக்கலாம்.

நடுவில் நிற்கிற கோளாறு ஒன்று உண்டு. போஷ் மெஷின்களில் இ15 என்று வரும். அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்து, அங்கே இருக்கிற மிதவை ஸ்விட்ச் தூக்கிக்கொண்டது என்று அர்த்தம். மெஷினைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் ஓடும். அதோடு விட்டுவிட்டால் மறுபடி வரும். சாதாரண பாத்திர ஜெல்லை ஊற்றி நுரை பொங்கியிருந்தால் தப்பு நம்முடையது, இனி ஊற்றாமல் இருந்தால் போதும். நுரை இல்லாமலே தண்ணீர் சேர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் போதும்.

எங்கள் மெஷினின் டிரெயின் பம்ப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தைக் குழம்பு வைத்த சட்டி, வறுத்த தட்டு எல்லாம் உள்ளே. ஒரு வாரமாகவே தண்ணீர் வடியும்போது உறுமல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, கவனித்திருக்க வேண்டும். அண்ணன் வந்து மெஷினைச் சாய்த்துப் பம்பைக் கழற்றினார். "இன்னாமா, மோட்டாரு சுத்தாம நின்னுனே சூடாயிருக்குது பாரு" என்று காட்டினார். கம்பெனியில் சொன்ன தொகையில் பாதிக்குள் முடிந்தது. பழைய பம்பை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அதன் இறக்கையில் ஒரு மீன் முள் இன்னும் குறுக்கே நிற்கிறது. ஃபில்டரைச் சரியாகத் திருகி மாட்டாமல் ஒரு நாள் ஓட்டியதில் போனது அது.