மார்த்தாண்டம் பாலத்துக்கடியில் போன 9,500 ரூபாய்: பழைய ஜப்பான் கேம் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவுதான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது பழைய ஜப்பான் ஆர்பிஜி கேம்களை (ஒரு கதாபாத்திரமாக மாறி நீளக் கதையை ஆடுகிற வகை) 'ஒரிஜினல் கேட்ரிட்ஜ்' (கேம் பதித்த, மெஷினில் செருகுகிற சின்ன பிளாஸ்டிக் டப்பி) என்று சொல்லி விற்க வந்தால், பைசாவை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. ஆளைத் தெரிந்தவர்களுக்கு முதல் நாலு வரியிலேயே தெரிந்துவிடும்.

நான் ஏழாவது படிக்கும்போது கல்ஃபிலிருந்து வந்த சித்தப்பா ஒரு கேம் பாய் அட்வான்ஸ் (நிண்டெண்டோ கம்பெனியின் கையடக்க கேம் மெஷின்) கொண்டு வந்தார். அது இன்றும் ஓடுகிறது. இப்போது வேலை திருவனந்தபுரத்தில், தினமும் பாசஞ்சர் ரயில், போக ரெண்டு மணி நேரம் வர ரெண்டு மணி நேரம். ரீல்ஸ் பார்த்துப் பார்த்துக் கண் நோவதற்கு, சின்ன வயதில் முடிக்காமல் விட்ட கேம்களை ஆடி முடிக்கலாமே என்று தோன்றியது. அதுதான் வினையின் ஆரம்பம்.

ஒரு குரூப்பில் அந்த விற்பனைக்காரர் போட்டோ போட்டிருந்தார். ஃபைனல் ஃபேன்டஸி 6 அட்வான்ஸ், போகிமான் ஃபயர் ரெட், எமரால்ட், மதர் 3 இங்கிலீஷ், கூடவே சூய்கோடென் 2 ப்ளேஸ்டேஷன் டிஸ்க். அஞ்சும் சேர்த்து 9,500. எனக்கு வாய் ஊறிவிட்டது. சூய்கோடென் 2 மட்டுமே வெளிநாட்டில் இதைவிட அதிகத்துக்குப் போகும், இவர் ஏன் இவ்வளவு மலிவாகத் தருகிறார் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஓணம் லீவுக்கு மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே சந்தித்தோம். சாயா வாங்கித் தந்தார், ஏத்தன்பழ பஜ்ஜி வாங்கித் தந்தார். "தம்பி, நம்ம அத்தான் மஸ்கட்லேருந்து கொண்டு வந்த சரக்கு, டூப்ளிகேட் கிடையாது கேட்டியா" என்றார். நான் கையோடு கொண்டுபோன கேம் பாயில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். "நிண்டெண்டோ லோகோ வந்துட்டுல்லா, பின்ன என்ன?" நானும் பின்ன என்ன என்றுதான் நினைத்து, அங்கேயே போனில் பைசாவை அனுப்பினேன்.

அந்த லோகோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேம் பாய் அட்வான்ஸ் ஆன் ஆகும்போது கேட்ரிட்ஜுக்குள் அந்த லோகோவின் படம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் கேம் ஓடவே ஓடாது. அதனால் கள்ள கேட்ரிட்ஜ் செய்கிறவன் முதலில் காப்பியடிப்பதே அந்த லோகோவைத்தான். அது வருவதை வைத்து அசல் என்று நம்புவது, போலீஸ் ஸ்டிக்கர் ஒட்டிய பைக்கில் வருகிறவனெல்லாம் போலீஸ் என்று நம்புகிற மாதிரி.

ஃபயர் ரெட் முதல் நாளே பல்லைக் காட்டியது. 1எம் சப்-சர்க்யூட் போர்டு இன்ஸ்டால் ஆகவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி, ஸேவ் பண்ண முடியாது. போன் பண்ணினேன். "பின்னை ஊதிட்டுப் போடுங்க தம்பி." ஊதினேன், ரப்பரால் துடைத்தேன், இயர்பட்ஸில் ஸ்பிரிட் தொட்டும் துடைத்தேன். ஸேவ் சிப்பை கேமால் கண்டுபிடிக்க முடியாதபோது வருகிற செய்தி அது என்று பிறகுதான் படித்தேன். ஊதினால் இல்லாத சிப் முளைக்குமா?

ஆனால் வயிறு எரிந்தது ஃபைனல் ஃபேன்டஸி 6-க்குத்தான். அது ஒழுங்காக ஸேவ் ஆனது. பதினோரு மணி நேரம் ஆடியிருந்தேன். அந்த ஓபரா காட்சி, செலஸ் என்கிற கதாபாத்திரம் மேடையேறிப் பாடுகிற இடம், பாறசாலை தாண்டி ரயில் சிக்னலுக்கு நின்றபோது வந்தது. முடித்து, ஸேவ் பண்ணி, அணைத்து, பையில் வைத்தேன். மறுநாள் காலை இரணியலில் திறந்து பார்த்தால் ஸேவ் இடம் எல்லாம் காலி. ஏதோ வீட்டில் திருடன் புகுந்த மாதிரி இருந்தது, பக்கத்தில் இருந்தவர் "என்ன ஆச்சு" என்று கேட்கிற அளவுக்கு.

வடசேரியில் தெரிந்த மொபைல் சர்வீஸ் பையனிடம் கொண்டுபோய்த் திறக்கச் சொன்னேன். அசல் கேட்ரிட்ஜில் மூன்று கால் வைத்த ஒரு தனி வகைத் திருகு இருக்கும். இதில் சாதா ஸ்டார் திருகு, ஸ்க்ரூ டிரைவரை வைத்த உடனே கழன்றுவிட்டது. உள்ளே எழுத்தோடு தனித்தனி சிப்கள் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக மெழுகு சொட்டின மாதிரி ஒரு பொட்டு. பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டைக்குள் இருக்குமே, அதேதான். ஓரத்தில் ஒரு பட்டன் பேட்டரி. பையன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, செத்த பேட்டரி" என்றான். பேட்டரிக்கு உயிர் இருக்கும்வரை ஸேவ் இருக்கும், அது போனால் ஸேவும் போகும். (எமரால்ட் அசலிலும் ஒரு பேட்டரி உண்டு, ஆனால் அது கடிகாரத்துக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தால் பயப்படாதீர்கள், ஸேவுக்கு ஒன்றும் ஆகாது.)

திறக்காமலே பார்க்க வழி இருக்கிறது. அசல் லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், மை இல்லாமல் அழுத்திப் பதித்த ஒரு சின்ன எண் தெரியும். என்னுடைய நாலிலும் அது கிடையாது. கேட்ரிட்ஜின் அடியில் பொன்னிறப் பின்கள் இருக்கிற இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பலகையில் நிண்டெண்டோ என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். ரெண்டையும் பாலத்துக்கடியிலேயே ஒரு நிமிஷத்தில் பார்த்திருக்கலாம். பஜ்ஜிதான் கண்ணை மறைத்தது.

மதர் 3-க்கு அதுகூடத் தேவையில்லை. அந்த கேம் 2006-ல் ஜப்பானில் மட்டும், ஜப்பானிய மொழியில் மட்டும் வந்தது. அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு இன்றுவரை இல்லவே இல்லை. 2008-ல் ரசிகர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்து இலவசமாகக் கொடுத்தார்கள், அதை எவனோ கேட்ரிட்ஜில் ஏற்றி விற்கிறான். அதாவது 'மதர் 3 இங்கிலீஷ் ஒரிஜினல்' என்று ஒரு பொருளே உலகத்தில் கிடையாது. இது எனக்கு முன்பே தெரிந்த விஷயம் வேறு! ஆசை அறிவை மறைக்கும் என்று ஆச்சி சொன்னது சும்மாவா.

சூய்கோடென் 2 டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ப்ளேஸ்டேஷன் 1 டிஸ்க்கின் அடிப்பக்கம் கருப்பாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே அடிப்பக்கம் கருப்பான காலி சிடியில் பதித்துத் தந்திருக்கிறார்.

சரி, அப்போது என்னதான் வாங்குவது என்று கேட்பீர்கள். இந்த அடி வாங்கிய பிறகு நான் வந்து சேர்ந்த இடம் இது: கேம் ஆட வேண்டுமா, இன்று கடையில் இருக்கிற புதுப் பதிப்பை வாங்குங்கள். பழைய கேட்ரிட்ஜ் என்பது பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்கு, அதுவும் பார்த்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு. நான் அந்த 9,500-ல் பாதிக்கும் குறைவாகச் செலவு பண்ணி, தள்ளுபடி வரும் வரைக்கும் பொறுத்து, ஸ்டீமில் (கம்ப்யூட்டர் கேம்களை ஆன்லைனில் விற்கிற கடை) இதைவிட அதிக கேம்களை வாங்கிவிட்டேன்.

க்ரோனோ டிரிக்கர் முதலில். 1995-ல் வந்தது, ஃபைனல் ஃபேன்டஸியை உருவாக்கிய சகாகுச்சியும் ட்ராகன் க்வெஸ்டை உருவாக்கிய ஹோரியும் படம் வரைய 'டிராகன் பால்' டோரியாமாவும் ஒன்று சேர்ந்து செய்தது, ஆனாலும் ஒரு இடத்தில்கூட இழுக்காது. 2018-ல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது எழுத்தும் மெனுவும் கேவலமாக இருந்தன, எல்லோரும் திட்டினார்கள், அப்டேட் போட்டுச் சரி பண்ணினார்கள். இப்போது தாராளமாக வாங்கலாம். பழைய ப்ளேஸ்டேஷன் டிஸ்க்கை மட்டும் தொடாதீர்கள், ஒவ்வொரு சண்டைக்கும் லோடிங்.

ஃபைனல் ஃபேன்டஸி 6-க்கு பிக்ஸல் ரீமாஸ்டர் என்கிற புதுப்பித்த பதிப்பு. அட்வான்ஸ் பதிப்பில் இருந்த கூடுதல் குகையும் சில எஸ்பர்களும் (சண்டையில் கூப்பிடுகிற மாயப் பிராணிகள்) இதில் இல்லை, அது குறைதான். ஆனால் அட்வான்ஸில் பாட்டு தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும், இதில் ஓபராவை நிஜமாகவே மனிதக் குரலில் பாடுகிறார்கள். நான் ஆடி முடித்துவிட்டேன், இந்தமுறை ஸேவ் எங்கும் போகவில்லை. சூய்கோடென் ரெண்டும் சேர்ந்த ரீமாஸ்டர் 2025 மார்ச்சில் வந்தது, 108 கதாபாத்திரங்களைத் தேடிச் சேர்க்கிற பொறுமை இருந்தால் அதைவிட நல்ல கேம் இல்லை. ட்ராகன் க்வெஸ்ட் 3 புது வடிவில் 2024-ல் வந்தது, அழகுதான், ஆனால் முழு விலைக்கு வேண்டாம். க்ரோனோ க்ராஸ் எனக்குப் பிடிக்கவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஸீனோகியர்ஸ் என்கிற பழைய ப்ளேஸ்டேஷன் கேமுக்கு ரீமாஸ்டர் எதுவும் வரவில்லை, அதனால்தான் அதன் பெயரைச் சொல்லி டிஸ்க் விற்கிறவர்களிடம் ரெண்டு மடங்கு கவனம் வேண்டும்.

கடைசியில் என்ன ஆச்சு என்றால், அவர் முதலில் "ஆடிப் பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார், பிறகு போன் எடுக்கவில்லை. 1930 சைபர் மோசடி உதவி எண்ணில் கூப்பிட்டேன். பணம் போன உடனே கூப்பிட வேண்டிய எண் அது, நான் மூன்று வாரம் ஊதிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருந்துவிட்டேன். தொடர்ந்து விற்கிற வியாபாரி என்பதால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன், இந்தத் தொகைக்கு அங்கே கட்டணம்கூடக் கிடையாது என்று மெசேஜ் போட்டதும் 3,000 ரூபாய் திரும்பி வந்தது, கூடவே என்னை பிளாக் பண்ணிவிட்டார். மீதி 6,500-க்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாலத்துக்கடியில் எடுத்த போட்டோ, பணம் அனுப்பிய ரசீது, அவர் குரலில் 'டூப்ளிகேட் கிடையாது' என்ற வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. போன வாரம் அதே குரூப்பில் வேறு பெயரில் அதே துணி விரித்து அதே அஞ்சு கேம் போட்டிருக்கிறார், இப்போது விலை 11,000.

மதர் 3 மட்டும் அண்ணன் மகன் கையில் இருக்கிறது. ஸேவ் ஆகாது என்று சொல்லியும் விடவில்லை. ஆட்டம் தொடங்கும்போது குடும்பத்தில் எல்லோருக்கும் பெயர் வைக்கச் சொல்லும், பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்கும். அவன் தினமும் ஸ்கூல் விட்டு வந்து முதலிலிருந்து தொடங்கி, நாய்க்கு என் பெயரை வைத்து, சாப்பாட்டுக்கு ரசவடை என்று அடித்துக்கொண்டிருக்கிறான்.