ஆழம் தருவது கோடா, காற்றா?

ஒரு தெருவை வரைகிறோம். எல்லாக் கோடும் ஒழுங்காக மறையும் புள்ளியில், அதாவது தூரம் போகும் கோடுகள் ஒன்றுகூடுவதாகத் தெரியும் இடத்தில், போய்ச் சேர்ந்திருக்கும், ஆனாலும் படம் தட்டையாகவே கிடக்கும். ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. கடைசி வீட்டு ஜன்னலையும் முதல் வீட்டு ஜன்னலையும் ஒரே கறுப்பில் அழுத்தி வரைந்ததுதான் காரணம்.

கோடுகளால் ஆழம் காட்டும் முறையை 1435இல் இத்தாலிய அறிஞர் ஆல்பர்ட்டி முறையாக எழுதிவைத்தார். அதன் பலமே அளவு. கண்மட்டத்தில் ஒரு கோடு, அதில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். தண்டவாளமோ தாழ்வாரமோ எவ்வளவு சுருங்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். வரிசையாக நிற்கும் கம்பங்களுக்கு இடைவெளியைக் குத்துமதிப்பாகப் போடவே வேண்டாம்: முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டாவது கம்பத்தின் நடுப்பகுதி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது கம்பங்களின் அடிகளைச் சேர்க்கும் தரைக்கோட்டைத் தொடும் இடத்தில்தான் மூன்றாவது கம்பம் நிற்கும். முதல்முறை இது சரியாக வந்து விழுந்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஒரு புள்ளியா, இரண்டா? கட்டடத்தின் முகப்பு நேராகப் பார்த்தால் ஒன்று போதும், மூலை நம் பக்கம் திரும்பியிருந்தால் இரண்டு. ஆனால் இரண்டையும் தாளுக்குள்ளேயே திணித்துவிட்டால் மூலை கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டிப் புள்ளியை வெளியே வையுங்கள்.

சரி, மலைக்கும் காட்டுக்கும் எந்தக் கோட்டை இழுப்பது? அங்கேதான் காற்று. நடுவிலிருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்துக் கருமை வெளுத்து நீலம் பூசிக்கொள்கிறது. லியனார்டோ டா வின்சி இதைத் தன் குறிப்புகளில் விரிவாக எழுதியிருக்கிறார். பென்சிலில் என்றால் முன்மலைக்குக் கருமையான 4பி, அடுத்ததற்கு நடுத்தரமான எச்பி, கடைசி மலைக்கு வெளிறிய கோடு தரும் 2எச். விளிம்பையும் போகப் போகக் கரைத்துவிட வேண்டும். ஆனால் இந்த முறைக்கு அளவு தெரியாது. நாலு சுவருக்குள் இருக்கும் அறையில் இதற்குப் பெரிதாக வேலையும் இல்லை.

இரண்டில் ஒன்றுதான் என்றால், வெளிப்புறக் காட்சிகளுக்கு நான் காற்றைத்தான் எடுப்பேன். கோடு கொஞ்சம் பிசகினால் கண் பொறுத்துக்கொள்ளும், தூரத்து ஜன்னல் கன்னங்கரேலென்று முன்னால் வந்து நின்றால் பொறுக்காது. அந்தத் தெருப் படத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. கடைசி நாலு வீடுகளை மட்டும் ரப்பரால் மெல்ல ஒத்தி எடுத்தேன், அப்புறம் முதல் வீட்டு வாசல்படிக்கடியில் நிழலை இன்னும் அழுத்தினேன். தெரு உள்ளே போய்விட்டது.