பாம் எக்ஸ்போவில் ஒரு நாள்

“பாம் எக்ஸ்போவுக்கு மும்பை போறேன்” என்றதும் அம்மா, “என்னடா, வெடிகுண்டா?” என்றாள். எக்ஸ்போவுக்குள்ளே இருந்த சத்தத்துக்கு அவள் கேட்டது தப்பே இல்லை.

கோரேகாவ் நெஸ்கோ வளாகத்தில், மே கடைசி வாக்கில் 3 நாள் நடக்கும் ஒலி, ஒளிக் கருவிகளின் கண்காட்சி இது. கச்சேரிகளுக்கு மிக்ஸிங் செய்யும், அதாவது குரல், வாத்தியச் சத்தங்களை அளவாகக் கலக்கும் எனக்கு முதல் தடவை.

ஸ்டூடியோ ஸ்பீக்கரை அந்த இரைச்சலில் எடைபோட முடியாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அப்படிக் கலக்க உதவும் மிக்ஸர்களைத் தொட்டுப் பார்க்கத்தான் போக வேண்டும். பென் டிரைவில் நாதஸ்வரத்தையும் தவிலையும் தனித்தனி டிராக்காகக் கொண்டுபோயிருந்தேன். ஒரு ஸ்டாலில் இருந்த பையன் தன் டெமோ பாட்டை நிறுத்தவே மாட்டேன் என்றான். அடுத்த ஸ்டால்காரர் சிரித்துக்கொண்டே வாங்கிச் செருகினார். ஹெட்போனில் நாதஸ்வரம் காதைக் குத்தியது. அவரே ஈக்யூ (ஒலியின் ஒவ்வொரு அலைவரிசையையும் கூட்டிக் குறைக்கும் வசதி) திரையை என் பக்கம் திருப்பிவிட்டார். நாதஸ்வரத்தில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் இறக்கினேன். அதுவரை அமுங்கிக் கிடந்த, தவிலின் வலது பக்கமான வலந்தலையின் அடி, ஒவ்வொரு விரலும் தெரிகிற மாதிரி எழுந்தது. “இது என்ன வாத்தியம்?” என்று இந்தியில் கேட்டார். தவிலைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினோம்.

புதுச் செருப்பு வேண்டாம், இயர்பிளக் அவசியம். அப்புறம், அந்த மிக்ஸரின் விலையைக் கேட்டேன். பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டேன்.